வானத்தின் எதிரொலியை அளந்தவர்



எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். எழுந்ததும் முதல் வேலை, தாத்தா காலத்து ரேடியோவைத் திருப்புவதுதான். அந்த இருட்டு நேரத்தில் எங்கெங்கோ உள்ள ஸ்டேஷன்கள் கேட்கும். பாட்டு கிட்டே வரும், தேய்ந்து போகும், மறுபடி வரும். வெயில் ஏறிவிட்டால் வெறும் இரைச்சல்தான். மக்கா, நீ எலக்ட்ரானிக்ஸ் படிக்கியே, இது என்ன விவரம் என்று அப்பா ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்போது கையில் இரண்டு அரியர் வேறு. படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு பால் வெட்டவே போய்விடலாமா என்று இருந்தேன். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடி லைப்ரரிக்குப் போனபோதுதான் சிசிர் குமார் மித்ரா என்ற பெயரைப் பார்த்தேன்.

மித்ரா 1890 அக்டோபர் 24-ல் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா சரத் குமாரி, பிள்ளைகளைப் பெற்ற பிறகு கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து படித்து, பாகல்பூர் லேடி டஃபரின் ஆஸ்பத்திரியில் டாக்டரானார். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் இப்படிப் படித்தது சாதாரண காரியமா! பிறகு அண்ணன்கள் இரண்டு பேரும் இறந்தார்கள்; அப்பாவும் நோயில் விழுந்து இறந்தார். அவ்வளவு துக்கத்திலும் அம்மா தன் சம்பளத்தில் மகனைப் படிக்க வைத்தார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த எங்க அம்மையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸிடம் படித்து, 1912-ல் எம்.எஸ்ஸி. முடித்தார். பிறகு சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளியைப் பற்றி ஆராய்ந்தார். பாரிஸ் போய் இன்னொரு டாக்டர் பட்டமும் வாங்கினார். நல்ல பெயர் கிடைத்துவிட்ட அந்த நேரத்தில், நான்சி நகரத்தில் ரேடியோ வால்வு ஆராய்ச்சியைப் பார்த்தார். ஒளியை விட்டுவிட்டு ரேடியோவுக்கே மாறிவிட்டார்! வயர்லெஸ்ஸை இந்தியாவில் பாடமாக வைக்க வேண்டும் என்று அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். 1923-ல் திரும்பி வந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1920-களிலேயே அவருடைய ஆய்வகத்திலிருந்து ஒலிபரப்பும் நடந்தது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். சுமார் 100 கி.மீ. உயரத்திலிருந்து, சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து வைத்திருக்கிறது. இதுதான் பிளாஸ்மா, அந்தப் பகுதி அயனி மண்டலம். எலக்ட்ரான்களின் அடர்த்தி எல்லா உயரத்திலும் ஒன்றுபோல் இருக்காது. முட்டம் கடற்கரையில் பாருங்கள், ஆழம் மாற மாற அலை கரையைப் பார்த்துத் திரும்புகிறது. அதுபோல ரேடியோ அலையும் அடர்த்தி மாற மாற வளைந்து பூமிக்கே வந்துவிடும். பகலில் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு உருவாகி மீடியம் வேவ் அலையை விழுங்கிவிடும். இரவில் அது மறைந்துபோகும். அதனால்தான் தூரத்து ஸ்டேஷன் கேட்கிறது.

பூமியின் காந்தப் புலமோ இன்னொரு வேலை செய்கிறது. பிளாஸ்மாவுக்குள் நுழையும் ஒரே அலையை இரண்டு வகையாகப் பிரித்துவிடும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் போய் வரும். கீழே வந்து சேரும்போது சிலநேரம் கூடும், சிலநேரம் ஒன்றை ஒன்று அடிக்கும். பாட்டு தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மித்ராவும் அவர் மாணவர்களும் இந்த எதிரொலிகளை வருடக்கணக்கில் அளந்தார்கள். E அடுக்கு என்ற பகுதி இருப்பதற்கு 1930-ல் இங்கேயே சான்று கண்டார்கள். அவர் 1947-ல் மேல் வளிமண்டலத்தைப் பற்றி எழுதிய பெரிய நூலை உலகமே படித்தது. 1949-ல் ரேடியோ இயற்பியலுக்குத் தனித் துறையே வந்தது. 1958-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு மித்ரா என்றே பெயர்.

வானத்தில் நடப்பதை இன்று கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே செய்கிறார்கள். காந்தப் புலத்தில் உள்ள பிளாஸ்மாவுக்குள் ஹெலிகான் என்ற அலையை அனுப்புவார்கள். குழாயின் ஓரத்தில் அடர்த்தி குறையும் இடத்தில் அந்த அலை இன்னொரு வகை அலையாக மாறி, தன் சக்தியை எலக்ட்ரான்களுக்குக் கொடுத்துவிடும். இந்த வகைப் பிளாஸ்மாவைச் சிலிக்கான் சிப் செதுக்கவும் பயன்படுத்துகிறார்கள். நாம் லேபில் தொடும் ஐ.சி.க்கும் அந்த வானத்துக்கும் இப்படி ஓர் உறவு!

மித்ரா 1963 ஆகஸ்ட் 13-ல் காலமானார். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 21-ல், நமக்குப் பக்கத்திலுள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. காந்த நடுக்கோடு அருகே போகிறது என்பதால்தான் அந்த மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மித்ரா கீழே நின்று அளந்த வானத்துக்குள் கருவியே போக ஆரம்பித்தது. அவர்தான் அதைப் பார்க்கவில்லை.

பாடமே இல்லாத இடத்தில் ஒருவர் பாடத்தை உண்டாக்கினார். எனக்குப் பாடமும் இருக்கிறது, சொல்லித்தர ஆசிரியரும் இருக்கிறார். நான் எதற்கு ஓட வேண்டும்? அரியரில் ஒன்று முடிந்தது. மற்றதை இந்த ஏப்ரலில் எழுதுகிறேன்.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டார். மறுநாள் நாலு மணிக்கே என்னைத் தட்டி எழுப்பி, ரேடியோவைக் காதோடு வைத்து, இப்போ ரெண்டும் சேந்து வருதா, தனியா வருதா என்று கேட்டார்.

- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்