நான்கு நிமிட வியன்னா

வியன்னாவின் குரல் என்று இசையன்பர்கள் போற்றும் எலிசபெத் ஷூமன் அம்மையார் வியன்னாவில் பிறந்தவரல்லர். 1888 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் பழைய ஊர்களில் ஒன்றான மெர்செபுர்க்கில் பிறந்தார். 1909இல் ஹாம்பர்க் நகர ஓப்பரா அரங்கில், வாக்னரின் 'டான்ஹாய்சர்' இசைநாடகத்தில் ஓர் ஆயர்சிறுவனாக முதன்முதலில் மேடையேறினார். சொப்ரானோ எனப்படும் பெண்டிரின் உச்சக்குரல் அவருடையது. அதிலும் மெலிந்த வகை. பெரும் வாத்தியக் குழுவின் முழக்கத்தை எதிர்த்து நிற்கும் வன்மை அதற்கு இல்லை. அதை அவர் ஒரு குறையாக எண்ணி வருந்தவில்லை. குரலின் எல்லையை உணர்ந்து, அவ்வெல்லைக்குள் ஒவ்வொரு சொல்லும் துலங்கப் பாடப் பழகினார்.

1919இல் இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வியன்னா அரசு ஓப்பராவின் பொறுப்பேற்றபோது ஷூமனும் அங்கு வந்து சேர்ந்தார். 1921இல் ஸ்ட்ராஸ் அமெரிக்கப் பயணம் மேற்கொண்டபோது, அவருடைய பாடல்களை அவரே பியானோ வாசிக்கப் பாடிய பேறும் பெற்றார். மோட்சார்ட்டின் நாயகியர், ஸ்ட்ராஸின் 'ரோசன்கவலியர்' நாடகத்துச் சோஃபி ஆகிய பாத்திரங்கள் அவருக்கெனவே படைக்கப்பட்டவை போல அமைந்தன.

இத்தகைய புகழுடையவர் ஓப்பரெட்டா என்னும் எளிய இசைநாடகப் பாடல்களையும் இசைத்தட்டில் பாடினார். காதலும் கேலியும் வால்ட்ஸ் நடனத் தாளமும் கலந்த அவ்வகை நாடகத்தைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிய அறிஞர் பலர் அன்று இருந்தனர். ஷூமன் ஒதுக்கவில்லை. 1930இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், யோஹான் ஸ்ட்ராஸின் 'டீ ஃப்ளெடர்மவுஸ்' நாடகத்தில் பணிப்பெண் அடெலாகவும் நடித்தார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1925 வரை பாடகர் ஓர் ஊதுகுழாயின் முன் நின்று உரக்கப் பாடினால்தான் தட்டில் ஒலி பதியும். அவ்வாண்டு மின்வழிப் பதிவு பரவியதும், ஒலிவாங்கி மெல்லிய குரலின் நுட்பங்களையும் ஏற்றுக்கொண்டது. தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடமே கொள்ளும். ஒரு முழு மாந்தரை அந்த நான்கு நிமிடத்துள் நிறுத்தியாக வேண்டும். குறும்பாட்டு எழுதுவோர் அறிந்த இடர்தான் அது.

அடெலின் சிரிப்புப் பாடலை எடுத்துக்கொள்வோம். எசமானியின் ஆடையை அணிந்து விருந்துக்கு வந்த பணிப்பெண்ணை எசமானர் கண்டுகொள்கிறார். அவளோ சிரித்தே அவரை மடக்கிவிடுகிறாள். ஷூமனின் பதிவில் அச்சிரிப்பு சுரத்திலிருந்து வழுவுவதில்லை. ஆயினும் உண்மைச் சிரிப்பாகவே ஒலிக்கிறது. ஹொய்பெர்கரின் 'டெர் ஓப்பெர்ன்பால்' (1898) நாடகத்துப் பாடல் தனியறை விருந்துக்கு அழைக்கும் காதல் அழைப்பு. சற்றே அழுத்தினாலும் ஆபாசமாகிவிடும். ஷூமன் அதைக் காதோரம் பேசுவதுபோல் பாடி, ஆசையோடு நாணத்தையும் கேட்கச் செய்கிறார்.

அரசு அலுவலராயிருந்துகொண்டே இசையமைத்த கார்ல் செல்லரின் 'டெர் ஃபோகெல்ஹெண்ட்லர்' (1891) நாடகத்துப் பாடல் இவ்வரிசையில் முதன்மையானது. இளமையில் தான் கேட்ட இராப்பாடியின் பாட்டை, முதுமையில் மீண்டும் ஒருமுறை கேட்க ஏங்கும் பாட்டனின் கதை அது. இப்பதிவில் ஷூமன் பாடுவதோடு நில்லாமல் சீழ்க்கையும் அடிக்கிறார். ஓப்பரா அரங்கின் பெரும் பாடகி கௌரவம் பாராமல் பறவையாகிவிடும் அந்தக் கணத்தில், கேட்போர் கிழவரின் ஏக்கத்தை அறிகின்றனர்.

அதே ஏக்கம் அவரையும் பற்றவிருந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுள் புகுந்தது. ஷூமன் அவ்வாண்டே வியன்னாவைத் துறந்து அமெரிக்கா சென்றார். அவருடைய பல பதிவுகளுக்குப் பக்கவாத்தியம் அமைத்த முன்னாள் கணவர் கார்ல் ஆல்வின் யூதர். அவரும் நாடிழந்து, 1945இல் மெக்சிகோ நகரில் மறைந்தார். போர்க்காலத்தில் தாய் ஒரு கரையிலும் மகன் பகைநாடாகிவிட்ட ஜெர்மனியிலும் இருக்க நேர்ந்தது. ஷூமன் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் மாணவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1947இல், முதல் எடின்பரோ விழாவில் புரூனோ வால்ட்டரின் பியானோவுடன் பாடினார். 1952 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அவர் ஏறத்தாழ இருபதாண்டுகள் பாடிய வியன்னா ஓப்பரா அரங்கு 1945 மார்ச் 12 அன்று குண்டுவீச்சில் எரிந்தது. மீண்டும் அதன் கதவுகள் திறந்தது 1955 நவம்பரில். காண அவர் இல்லை. புதிய அரங்கு எழுந்ததேயன்றி, ஷூமன் பாடிய வியன்னா திரும்பவில்லை. அது அவருடைய இசைத்தட்டுகளில்தான் இருக்கிறது. வரப்போவதை அறியாமல் அடெல் அங்கே சிரிக்கிறாள். வந்ததை அறிந்தவர்களாய் நாம் கேட்கிறோம். அந்தச் சிரிப்பு நம்மை அழவைப்பதற்குக் காரணம் அதில் துயரம் இருப்பதன்று, சிறிதும் துயரம் இல்லாமையே. எளிய பாட்டுத்தானே என்று அவர் அன்று அலட்சியமாகப் பாடியிருந்தால், இன்று அந்நகரின் மகிழ்ச்சிக்குச் சாட்சி சொல்ல அக்குரல் இருந்திராது.