ராபர்ட் கிளைவ்: வங்காளத்து வெள்ளி லண்டன் போய்ச் சேர்ந்தது எப்படி?

பெங்களூருவில் வேலை பார்க்கும் நீங்கள் லண்டனில் இருக்கும் தங்கைக்குப் பணம் அனுப்பினால், வங்கி பான் எண் கேட்கும், எதற்காக அனுப்புகிறீர்கள் என்றும் கேட்கும். ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு. இந்தக் கேள்வி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு பெரும் சொத்தை இந்தியாவை விட்டு வெளியே எடுத்தவர் ராபர்ட் கிளைவ். ஆமாம், வரலாற்றுப் பாடத்தில் ஆற்காட்டு முற்றுகையில் வருவாரே, அவரேதான்.

1744-ல் கிழக்கிந்திய கம்பெனியின் எழுத்தராக மெட்ராஸ் வந்தபோது அவருக்கு 18 வயது. சம்பளம் வருடத்துக்கு 5 பவுண்ட். 1751-ல் ஆற்காடு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பணம் தந்தது 1757-ன் பிளாசி. சிராஜ் உத் தௌலாவை வீழ்த்தி மீர் ஜாபரை நவாப் ஆக்கியதில் கிளைவுக்குக் கிடைத்தது 2,34,000 பவுண்ட். பிறகு ஒரு ஜாகிரும் வந்தது, வருடத்துக்குச் சுமார் 27,000 பவுண்ட் வருமானத்தோடு.

சரி, பணம் இருப்பது வங்காளத்தில், வெள்ளி ரூபாயாக. அதை எப்படி லண்டன் கொண்டுபோவது?

போட்டிக் கம்பெனியே வழி

சொந்தக் கம்பெனி மூலம் அனுப்பினால் எவ்வளவு சம்பாதித்தார் என்பது லண்டன் இயக்குநர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் டச்சுக் கம்பெனியிடம் போனார். வங்காளத்தில் துணியும் வெடியுப்பும் வாங்க டச்சுக்காரர்களுக்கு வெள்ளி தேவை. கிளைவ் இங்கே வெள்ளியைக் கொடுத்தார். அவர்கள் அதில் சரக்கு வாங்கி ஐரோப்பாவில் விற்று, அங்கே அவருடைய ஆட்களிடம் பணம் கொடுத்தார்கள். கையில் இருந்தது ஒரு உண்டியல் சீட்டு மட்டும். (கோயில் உண்டியல் இல்லை, ஹவாலாக்காரர்கள் சொல்லும் உண்டியல்.)

கவனித்தீர்களா, காசு கடலைத் தாண்டவே இல்லை. சரக்குதான் தாண்டியது. இதற்கு விலை கொடுத்தது வங்காளம். முன்பெல்லாம் அந்தத் துணியை வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கப்பலில் வரும். இப்போது வங்காளத்துப் பணத்திலேயே வங்காளத்துச் சரக்கு வெளியே போனது.

கிளைவ் டச்சுக்காரர்கள் வழியாக அனுப்பியது 1,80,000 பவுண்ட் என்றும், சொந்தக் கம்பெனி வழியாகச் சுமார் 40,000 என்றும், மெட்ராஸில் மட்டும் வாங்கிய வைரம் 25,000 என்றும் சொல்கிறார்கள் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு டச்சுக்காரர்கள் கையால் போயிருக்கிறது. 1759 நவம்பரில் அதே டச்சுப் படை ஹூக்ளி ஆற்றில் வந்தபோது, தன் பணத்தில் பெரும்பகுதி அவர்களிடம் இருப்பது தெரிந்தும் அடிக்கச் சொன்னார். துணிச்சல் இருந்தது, அதை மறுக்க முடியாது.

இது பண மோசடியா?

இன்றைய சட்டப்படி, குற்றத்தில் வந்த பணமாக இருந்தால்தான் அதைச் சுற்றவிடுவது சட்டவிரோதப் பணப் பரிமாற்றம். கம்பெனி ஊழியர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற விதியோ 1765-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை அமல்படுத்த வங்காளம் அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? கிளைவேதான்! ஆக, அன்றைய கணக்கில் அவர் குற்றவாளி இல்லை. ஆனால் வழிமுறை ஒன்றுதான். இன்று வர்த்தகம் வழியாகப் பணம் கடத்துபவர்களும் சரக்கு, இன்வாய்ஸ், வெளிநாட்டில் ஒரு கூட்டாளி என்றுதான் போகிறார்கள்.

ஊர் போன பணம் நிலமானது, மாளிகையானது, நாடாளுமன்றத்தில் இடமானது. கம்பெனித் தேர்தலில் 500 பவுண்ட் பங்கு வைத்திருந்தால் ஒரு ஓட்டு. அதற்கு மேல் எவ்வளவு வைத்திருந்தாலும் அதே ஒரு ஓட்டுதான். 1763-ல் கிளைவ் தன் பங்குகளை 500, 500-ஆகப் பிரித்து வேறு ஆட்கள் பேரில் போட்டார். நம்ம ஊரில் இதற்குப் பெயர் பினாமி. அப்படியும் தோற்றார் என்பது வேறு விஷயம்.

1773 மே மாதம் நாடாளுமன்றம் அவரை விசாரித்து முடித்தது. 2,34,000 பவுண்ட் வாங்கியது உண்மை என்று தீர்மானித்தது. கூடவே, நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்றும் தீர்மானம் போட்டது. அடுத்த வருடம் நவம்பர் 22 அன்று, 49 வயதில், லண்டன் வீட்டில் கிளைவ் இறந்தார். பணம் குடும்பத்திடமே இருந்தது.