பச்சையப்ப முதலியார்

பச்சையப்ப முதலியார் (1754 – மார்ச் 31, 1794) சென்னையில் துபாசியாகவும் வணிகராகவும் விளங்கிய கொடையாளர் ஆவார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரி இவர் பெயரால் அமைந்தது. இவருடைய உயில் நெடுங்காலம் நீதிமன்றத்தில் இருந்தது. இறந்த ஒருவரின் அறச்சொத்தை நீதிமன்றமே முன்னின்று காத்ததற்குச் சென்னை மாகாணத்தில் இவ்வழக்கு முக்கியமான எடுத்துக்காட்டு.

வாழ்க்கை

பச்சையப்பர் பெரியபாளையத்தில் பிறந்தார். பிறக்கும் முன்னரே தந்தை விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் பின்னர் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்து, பவுனி நாராயண பிள்ளை என்ற துபாசியின் ஆதரவைப் பெற்றார். அவரிடமே பச்சையப்பர் கணக்கும் ஆங்கிலமும் வணிக நுணுக்கங்களும் கற்றார். துபாசி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஆங்கிலேயருக்குத் தரகராகவும் பணம் திரட்டித் தருபவராகவும் இருந்தவர். இத்தொழிலில் இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்பர், பின்னாளில் தஞ்சையில் தங்கி, மன்னர் அமர்சிங்கின் அரசுடனும் பண அலுவல்களை நடத்தினார். சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணி இவர் செய்த அறப்பணிகளில் ஒன்று. இவருக்கு இரு மனைவியர்.

உயில்

நோயுற்றிருந்த நிலையில் 1794 மார்ச் 22 அன்று பச்சையப்பர் உயில் எழுதினார். ஒன்பது நாட்களில் திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில் வழிபாட்டுக்கும் பிற தருமங்களுக்கும் ஒதுக்கி, அதை நிறைவேற்றும் பொறுப்பை நாராயண பிள்ளையிடம் ஒப்படைத்திருந்தார்.

பழைய இந்து தரும நூல்களில் உயில் என்ற வழக்கமே இல்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. சொத்து வாரிசுகளுக்குச் செல்லும் என்பதே மரபு. இந்துக்களின் உயில்களுக்கான தனிச்சட்டம் 1870இல்தான் வந்தது. எனவே பச்சையப்பரின் உயிலுக்குத் துணைநிற்கத் தெளிவான சட்டம் எதுவும் அன்று இல்லை. அவர் மறைந்தபின் குடும்பத்தார்க்கும் சொத்தைக் கையில் வைத்திருந்தோர்க்கும் இடையே வழக்குகள் எழுந்தன. தருமங்கள் நடைபெறாமல் பணம் முடங்கியது.

நீதிமன்றத்தின் தலையீடு

சென்னையில் 1801இல் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. இந்துக்களின் வாரிசுரிமை வழக்குகளை அவர்தம் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் தருமச் சொத்துக்காக வழக்காட வாரிசு எவரும் முன்வராதபோது என்ன செய்வது? இவ்விடத்தில்தான் அரசின் அட்வகேட் ஜெனரல் வழக்கில் நுழைந்தார். பிற்காலத்தில் பம்பாயில் தலைமை நீதிபதியான ஹெர்பர்ட் காம்ப்டன் இதனை முன்னெடுத்தார். அவருக்குப் பின்வந்த ஜார்ஜ் நார்ட்டன் தொடர்ந்து நடத்தினார். சொத்து தருமத்துக்கு உரியது என்பது நிலைநாட்டப்பட்டு, அறங்காவலர் குழு ஒன்றும் அமைந்தது.

இதற்குள் வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்தது. கோயில் தருமங்களுக்கு ஒரு லட்சம் வராகன், அதாவது சுமார் மூன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியபின்னும் ஏறத்தாழ 4½ லட்சம் ரூபாய் எஞ்சியது. இவ்வுபரியைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் இசைந்தது. உயில் குறிப்பிட்ட தருமங்களில் ஆங்கிலக் கல்வி இல்லை. கோயில்களை எண்ணி எழுதிய ஒருவர் கல்வி வள்ளலாக அறியப்படுவதற்கு, உயிலின் எழுத்தைக் கடந்து அறத்தின் நோக்கத்தை நீதிமன்றம் விரித்துக்கொண்டதே காரணம்.

1842 ஜனவரியில் சென்னை பிராட்வேயில் பள்ளி தொடங்கியது. ஏதென்சின் தீசியஸ் கோயிலைப் போன்று எஸ்பிளனேடில் கட்டிய பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. பள்ளி 1889இல் முதல்நிலைக் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது. கணித மேதை இராமானுஜனும், முன்னாள் முதல்வர் அண்ணாதுரையும் இங்குப் பயின்றவர்கள்.

நகரும் வெளியூரும்

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் பெரிதும் சென்னை நகர எல்லைக்கும் நகரவாசிகளுக்கும் உட்பட்டது. பச்சையப்பர் இறந்த ஆண்டில் காவிரிக்கரையில் உள்ள பவானி திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. 1799இல்தான் கம்பெனி வசமானது. இந்த வேறுபாட்டின் சுவடு பின்னரும் நீடித்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சென்னை நகரில் எழுதிய அல்லது அந்நகரிலுள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்கு, உயர் நீதிமன்றம் வழங்கும் புரொபேட் எனும் மெய்ச்சான்று நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. பவானியில் எழுதி, பவானி நிலத்தை மட்டும் குறித்த உயிலுக்கு அக்கட்டாயம் இருந்ததில்லை.

பச்சையப்பன் அறக்கட்டளை மீதான நீதிமன்ற மேற்பார்வை 19ஆம் நூற்றாண்டுடன் முடியவில்லை. நிர்வாகத்தில் பூசல்கள் எழுந்தபோது, 21ஆம் நூற்றாண்டிலும் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாக நியமித்துள்ளது.