இக்னாசியோ எல்லகூரியா: ராணுவம் சுட்டுக்கொன்ற பாதிரியார்... யார் இவர்?

1989 நவம்பர் 16. எல் சால்வடார் தலைநகர் சான் சால்வடார். பொழுது விடிவதற்கு முன்பே மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ராணுவ வீரர்கள் புகுந்தார்கள். 5 பாதிரியார்களைத் தோட்டத்தில் குப்புறப் படுக்க வைத்துச் சுட்டார்கள். 6-வது பாதிரியாரை வீட்டுக்குள் கொன்றார்கள். சண்டைக்குப் பயந்து அங்கே தங்கியிருந்த சமையல்கார அம்மா எல்பா ராமோஸையும், அவருடைய டீன் ஏஜ் மகளையும்கூட விடவில்லை.

வந்தவர்களின் முக்கிய இலக்கு, பல்கலைக்கழகத்தின் தலைவர் இக்னாசியோ எல்லகூரியா.

யார் இவர்?

1930-ல் ஸ்பெயினில் பிறந்தவர். 1947-ல் இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே எல் சால்வடாருக்கு அனுப்பப்பட்டார். இடையில் ஐரோப்பா சென்று, புகழ்பெற்ற இறையியலாளர் கார்ல் ரானரிடம் படித்தார். பிறகு எல் சால்வடார் குடியுரிமை பெற்றார். 1979-ல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

சரி, விடுதலை இறையியல்னா என்ன?

ஏழைகளின் வறுமை விதியல்ல, அநீதி. அதற்கு எதிராக அவர்களோடு நிற்பதுதான் விசுவாசம். லத்தீன் அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் உருவான இந்தச் சிந்தனையின் சாரம் இதுதான். ஒடுக்கப்பட்ட மக்களே இன்று சிலுவையில் அறையப்பட்டிருக்கிறார்கள் என்பது எல்லகூரியாவின் முக்கியக் கருத்து. பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதோடு நிற்காமல், ஆய்வையும் எழுத்தையும் ஏழைகளுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்றார்.

அப்படி என்ன பண்ணிட்டார்?

அந்த நாட்டில் நிலமெல்லாம் சில பணக்காரக் குடும்பங்களின் கையில். 1976-ல் நிலச் சீர்திருத்தத்திலிருந்து அரசு பின்வாங்கியபோது, கடுமையாக விமர்சித்து எழுதினார். பல்கலைக்கழகத்தில் குண்டுகள் வெடித்தன. 1980-ல் பேராயர் ரொமேரோ திருப்பலி நேரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த 12 ஆண்டுகள் உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் உயிரிழந்தார்கள். ராணுவத்துக்கு அமெரிக்கா உதவியது. இரு தரப்பாலும் ஜெயிக்க முடியாது, பேசித்தான் தீர்க்கணும் என்பது எல்லகூரியாவின் நிலைப்பாடு. 1985-ல் கிளர்ச்சியாளர்கள் கடத்திய அதிபர் துவார்தேயின் மகளை மீட்கும் பேச்சிலும் பங்கெடுத்தார். ஆனால் ராணுவத் தலைமையின் கண்ணுக்கு அவர் கிளர்ச்சியாளர்களின் மூளையாகத்தான் தெரிந்தார்.

1989 நவம்பர் 11-ல் தலைநகர் மீது கிளர்ச்சியாளர்கள் பெரும் தாக்குதல் தொடங்கினார்கள். அப்போது அவர் ஸ்பெயினில் இருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். 13-ம் தேதி திரும்பி வந்தார். மூன்றே நாளில் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு?

பழியைக் கிளர்ச்சியாளர்கள் மீது போட ராணுவம் முயன்றது, எடுபடவில்லை. உலகமே கொதித்தது. ராணுவ உதவியில் பாதியை நிறுத்திவைக்க 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 1992 ஜனவரியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்தப் பேச்சுவார்த்தைக்காக அவர் உயிர்விட்டாரோ, அதுவே போரை முடித்தது.

நீதி மட்டும் தாமதமானது. 1991-ல் தண்டிக்கப்பட்ட 2 அதிகாரிகளும் 1993-ல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். முன்னாள் கர்னல் மொன்டானோவுக்கு ஸ்பெயின் நீதிமன்றம் 133 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது 2020-ல்தான். அதாவது, 31 ஆண்டுகள் கழித்து!

பாதிரியார்கள் விழுந்த இடத்தில் எல்பாவின் கணவர் ரோஜாச் செடிகளை நட்டார். அந்தத் தோட்டம்தான் இன்று அவர்களின் நினைவிடம்.