வாட்டர் சாஃப்ட்னரில் ஏன் உப்பு போடுகிறோம்? யார் இந்த ஜான் தாமஸ் வே?

வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால், அதற்கு அவ்வப்போது உப்பு வாங்கிக் கொட்டும் வேலையும் இருக்கும். கடினநீரை மாற்ற உப்பா என்று குழம்பாதவர்கள் குறைவு. ஆனா இந்தக் கதை தொடங்கியது தண்ணீரில் இல்லை, எருவில்!

1840-களின் இங்கிலாந்து. வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து போய்விடுமா என்பது விவசாயிக்குக் காசு விவகாரம். யார்க்‌ஷயர் நிலக்கிழார் தாம்சன், அம்மோனியம் சல்பேட் கரைசலை மண் வழியாக வடித்துப் பார்த்தார். கீழே வந்தது ஜிப்சம். அம்மோனியா மண்ணிலேயே தங்கிவிட்டது. ஹக்ஸ்டபிள் என்ற பாதிரியார் எருத்தொட்டி நீரை மண்ணில் வடிகட்ட, நிறமும் நாற்றமும் காணாமல் போயின.

ஏன் இப்படி? இதை ஆராய்ந்தவர்தான் ஜான் தாமஸ் வே. சைரன்செஸ்டர் வேளாண் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, ராயல் வேளாண் சங்கத்தின் ஆலோசக வேதியியலாளர் ஆனவர். 1850, 1852-ல் வெளியான அவரது கட்டுரைகள் சொன்ன விஷயம் எளிமையானது. மண் சும்மா வடிகட்டவில்லை, பண்டமாற்று செய்கிறது. அம்மோனியாவை வாங்கிக்கொண்டு, அதற்குச் சமமான அளவு கால்சியத்தை வெளியே விடுகிறது. அதுவும் சட்டென்று நடக்கிறது. களிமண்தான் காரணம் என்றார் வே. ஜெர்மனியின் ஜாம்பவான் லீபிக் முதலில் ஏற்கவே இல்லை.

வேயும் ஓர் இடத்தில் சறுக்கினார். ஒருமுறை நடந்த மாற்றம் திரும்பாது என்று நினைத்தார். திரும்பும் என்று 1858-ல் காட்டியவர் ஐகார்ன். நாம் உப்பு கொட்டுவதே இந்தத் திருப்பத்துக்காகத்தான்: சாஃப்ட்னர் பிடித்து வைத்த கால்சியம், மெக்னீசியத்தை உப்பின் சோடியம் வெளியேற்றி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

வே ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. 1860-ல் பாதரச ஆவி விளக்கு எரித்துக் காட்டினார். 1865-ல் அமைந்த நதி மாசு விசாரணை ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர். அழுக்குத் தண்ணீரை அவ்வளவு பார்த்தவர், தன் பண்டமாற்றை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொழில் வருவதைப் பார்க்கவில்லை. 1905 வாக்கில் பெர்லினில் ராபர்ட் கான்ஸ் செயற்கைக் கனிமத்தால் கடினநீரை மென்நீராக்கினார். 1935-ல் இங்கிலாந்தின் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் அதே வேலைக்குச் செயற்கை ரெசின் செய்தார்கள்.

ஹக்ஸ்டபிளின் அழுக்கு நீருக்கும் இங்கேதான் வழி பிறந்தது. இலைதழை அழுகி, தண்ணீரை டீ நிறமாக்கும் ஹியூமிக் அமிலங்களுக்கு எதிர் மின்னூட்டம். கால்சியம் பிடிக்கும் ரெசினில் அது ஒட்டாது. அதற்கென இருக்கும் எதிரயனி ரெசின், குளோரைடைக் கொடுத்துவிட்டு அந்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். இதையும் உப்புநீரால்தான் கழுவுகிறார்கள். என்ன, இவை பெரிய மூலக்கூறுகள், லேசில் கிளம்பாது. உப்புநீரைச் சூடாக்கி, கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்க்க வேண்டியிருக்கும்.