கப்பலிலிருந்து காருக்கு

சுயராஜ்யம் கேட்க 1931 ஆகஸ்டு 29-இல் கப்பலேறிய காந்தியடிகள், டிசம்பர் 28-இல் பம்பாயில் வந்திறங்கினார். நான்கு மாதப் பயணம். வட்டமேஜை மாநாடு கொடுத்தனுப்பியதோ வெறுங்கை!

மாநாட்டு மண்டபத்தை விட்டுவிடுவோம். லண்டனிலே அவர் தங்கியது மாளிகையில் அல்ல. தொழிலாளர் குடியிருக்கும் கிழக்குப் பகுதியில், கிங்ஸ்லி மண்டபத்தின் சிறு அறையில். லங்காஷயருக்கும் போனார். அங்கே ஆலைகள் முடங்கிக் கிடந்தன. நமது அந்நியத் துணி பகிஷ்காரமும் அதற்கு ஒரு காரணம். வேலையிழந்தவர்கள் கல்லெடுத்து எறிந்திருந்தாலும் நாம் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்களோ, இந்தியக் கிராமத்தின் பட்டினியை அவர் எடுத்துச் சொல்லக் கேட்டார்கள். டார்வெனில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் படத்தை நாம் இன்றும் பார்க்கிறோம்.

அந்தப் பெண்களுக்கு இருந்த மனம் வைசிராய் வில்லிங்டன் பிரபுவுக்கு இல்லை. காந்தியடிகள் நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும்போதே கான் அப்துல் கபார் கானைப் பிடித்தார்கள். அவரை வரவேற்கப் பம்பாய்க்குப் புறப்பட்ட ஜவாஹர்லாலை வழியிலேயே ரயிலில் பிடித்தார்கள். நேரில் பேசலாம் என்று காந்தியடிகள் வைசிராய்க்குத் தந்தி கொடுத்தார். சந்திக்க முடியாது என்று பதில் வந்தது.

1932 ஜனவரி 4, திங்கட்கிழமை. விடியுமுன்னே, அவர் படுத்திருந்த மணிபவனத்தின் மொட்டை மாடிக்குப் போலீஸ் ஏறி வந்தது. அன்று அவருக்கு மௌன நாள். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். விசாரணை ஏது? 1827-ஆம் வருஷத்துப் பழைய ரெகுலேஷன் ஒன்று போதுமாயிற்று! கரையேறி ஏழே நாள். போலீஸ் காரிலே மறுபடி பயணம், புனாவுக்கு அருகே எரவாடா சிறைக்கு. அங்கிருந்து அவர் விடுதலையானது 1933 மே 8-இல்.