வகுப்பறையும் மன்றமும்: ஆசிரியர் டெரோசியோவின் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

முன்னுரை

கல்லூரி என்றதும் நம் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று வகுப்பறை, மற்றொன்று மன்றம். வகுப்பறையில் பாடம் நடக்கிறது. மன்றத்தில் பேச்சும் விவாதமும் நாடகமும் நடக்கின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையா, பகையா என்னும் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுவதுண்டு. மன்றத்தின் பக்கம் போனால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. மன்றம் இல்லாத கல்வி உப்பில்லாப் பண்டம் என்று வாதிடும் பேராசிரியர்களும் உண்டு. இரண்டையும் ஒரு தராசின் இரு தட்டுகளாக ஏந்தி நிற்க வேண்டியவர் ஆசிரியரே ஆவார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தராசைக் கையில் எடுத்தவர் ஓர் இளைஞர். பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. பணியை இழந்தபோது வயது 22. அவர்தாம் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. நம் வரலாற்றுப் பாடநூலில் ‘இளம் வங்காள இயக்கம்’ என்னும் தலைப்பின் கீழ் ஒன்றிரண்டு வரிகளில் வந்து மறைந்துவிடும் பெயர் அது. தேர்வுக்கு அவ்வரிகள் போதும். ஆனால் ஆசிரியராக விரும்பும் மாணவருக்கும், ஆசிரியராக இருப்பவருக்கும் அவருடைய வாழ்க்கை முழுவதும் பாடமாகும்.

இளமையும் கல்வியும்

டெரோசியோ 1809-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ் டெரோசியோ போர்த்துக்கீசிய மரபு கலந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றியவர். ஐரோப்பியராலும் முழுமையாக ஏற்கப்படாமல், இந்தியராலும் தம்மவராகக் கருதப்படாமல் இடையில் நின்ற சமூகம் அது. ஆயினும் டெரோசியோ இந்திய மண்ணையே தம் தாய்நாடாகக் கொண்டார். அதைப் போற்றி ஆங்கிலத்தில் கவிதைகள் பாடினார்.

அவர் பயின்றது தர்மதலாவில் டேவிட் டிரம்மண்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில். டிரம்மண்டு கவிஞர், எதையும் ஆராய்ந்து ஏற்கும் சிந்தனையாளர். அப்பள்ளியில் பாடத்தோடு கவிதை ஒப்பித்தலும் நாடகம் நடித்தலும் ஊரார் முன்னிலையில் நடைபெற்றன. சிறுவன் டெரோசியோ படிப்பிலும் மேடையிலும் ஒருங்கே பெயர் பெற்றான். பின்னாளில் அவர் தம் மாணவர்க்கு எதை வழங்கினாரோ, அதன் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம்.

14 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சிறிது காலம் கல்கத்தாவில் எழுத்தராக வேலை பார்த்தார். பின்னர் பாகல்பூரில் உறவினரின் அவுரித் தோட்டத்திற்குச் சென்றார். கங்கைக் கரையின் தனிமை அவரைக் கவிஞராக்கியது. அங்கிருந்து எழுதியனுப்பிய கவிதைகள் ‘இந்தியா கெஜட்’ இதழில் வெளிவந்தன. 1827-இல் முதற் கவிதைத் தொகுதியும், 1828-இல் ‘ஜங்கீராவின் பக்கிரி’ என்னும் நெடுங்கவிதை அடங்கிய நூலும் அச்சேறின. அதற்குள் அவர் ஆசிரியராகிவிட்டார்.

இந்துக் கல்லூரியில்

1817-ஆம் ஆண்டு கல்கத்தா நகரப் பெருமக்கள் நிறுவியது இந்துக் கல்லூரி. மேலைநாட்டுக் கல்வியை ஆங்கில வாயிலாக இந்திய இளைஞர்க்கு வழங்கிய முன்னோடி நிறுவனங்களுள் அது ஒன்று. 1855-இல் மாநிலக் கல்லூரியாகவும், 2010-இல் பல்கலைக்கழகமாகவும் மாறியது அதுவே. 1826-ஆம் ஆண்டு டெரோசியோ அங்கு ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். மாணவர்களுள் பலர் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவர்கள்.

பாடத்திட்டம் எளிதன்று. கிரேக்கம், ரோமாபுரி, இங்கிலாந்து ஆகியவற்றின் வரலாறுகள், ஹோமரின் காவியங்களுடைய ஆங்கில மொழிபெயர்ப்பு, மில்டன், ஷேக்ஸ்பியர் என்று நீண்டது பட்டியல். அதை அவர் குறைக்கவில்லை. ஆனால் பாடத்தை மனப்பாடத்தோடு நிறுத்தவும் இல்லை. கிரேக்க வீரர்களின் கதையைப் படித்தால், நாட்டுப்பற்று என்றால் என்ன என்ற வினா எழவேண்டும். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் படித்தால், பேரரசுகள் ஏன் வீழ்கின்றன என்ற வினா எழவேண்டும் என்பது அவர் முறை.

அவ்வினாக்களுக்கு வகுப்பு நேரம் போதாது. எனவே கல்லூரி தொடங்குவதற்கு முன்னரும், முடிந்த பின்னரும் மாணவர்களோடு அமர்ந்தார். கவிதையும் தத்துவமும் வாசிக்கப்பட்டன; உரையாடல் வளர்ந்தது. விருப்பமுள்ளோர் வரலாம், கட்டாயம் இல்லை. வகுப்பு நேரத்தை மன்றத்திற்காக அவர் களவாடவில்லை. தம்முடைய ஓய்வு நேரத்தையே மன்றத்திற்கு ஈந்தார். இது நாம் முதலில் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

மன்றம் பிறந்தது

இவ்வுரையாடல்களிலிருந்து 1828-இல் ‘அகாடமிக் அசோசியேஷன்’ என்னும் விவாத மன்றம் தோன்றியது. தலைவர் டெரோசியோ. மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூட்டங்கள் நடந்தன. விதியா, மனித முயற்சியா? நாட்டுப்பற்று என்பது யாது? உருவ வழிபாடு தகுமா? கடவுள் உண்டென்பதற்கும் இல்லையென்பதற்கும் உரிய வாதங்கள் யாவை? இத்தகைய பொருள்களைப் பற்றி 16, 17 வயது இளைஞர்கள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாதிட்டனர். கல்வி வள்ளல் டேவிட் ஹேர் அடிக்கடி வந்தமர்ந்து கேட்டார். உயர் பதவியிலிருந்த ஆங்கிலேயர் சிலரும் வந்து சென்றனர்.

மன்றத்தைத் தொடர்ந்து இதழ் வந்தது. 1830-இல் மாணவர்கள் ‘பார்த்தினான்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினர். பெண்கல்வி வேண்டும் என்றும், நீதிமன்றச் செலவு ஏழைக்கு எட்டாததாய் இருக்கிறது என்றும், மூடப்பழக்கங்கள் ஒழிய வேண்டும் என்றும் எழுதினர். முதல் இதழோடு அதன் ஆயுள் முடிந்தது. அச்சாகியிருந்த இரண்டாம் இதழை வெளியிட நிர்வாகம் இசையவில்லை. ஒரு கல்லூரி மலரில் இதனைப் படிக்கும் நமக்கு, அந்த வெளிவராத இதழை எண்ணி நெஞ்சம் கனக்கிறது.

எதிர்ப்பும் பணிநீக்கமும்

மன்றத்தில் பேசியது மன்றத்தோடு நிற்கவில்லை, வீட்டிற்கும் போயிற்று. கேள்வி கேட்கப் பழகிய இளைஞர் சிலர் குல வழக்கங்களை மீறினர், விலக்கப்பட்ட உணவை உண்டனர், பூசைகளை எள்ளினர். பெற்றோர் கலங்கினர். சிலர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். டெரோசியோ நாத்திகம் போதிக்கிறார், பெற்றோரை மதிக்க வேண்டாம் என்கிறார், குடும்ப ஒழுக்கத்தைக் குலைக்கிறார் என்ற செய்தி நகரெங்கும் பரவியது.

1831 ஏப்ரல் 23-ஆம் நாள் நிர்வாகக் குழு கூடியது. அவர் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர்தாமா என்பது ஒரு கேள்வி. வடமொழி அறிஞர் ஹோரேஸ் ஹேமன் வில்சன் அவர் கற்பித்தலால் தீங்கு எதனையும் தாம் கண்டதில்லை என்றார். டேவிட் ஹேர் அவரை மிகத் திறமையான ஆசிரியர் என்று மதிப்பிட்டார். தகுதியின்மை மெய்ப்பிக்கப்படவில்லை. அடுத்து, ஊராரின் மனநிலையைக் கருதி அவரை விலக்குவது நல்லதா என்ற கேள்வி வைக்கப்பட்டது. ஹேரும் வில்சனும் அதில் வாக்களிக்காமல் ஒதுங்கினர். விலக்குவதே நல்லது எனப் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வேதனை. ஏப்ரல் 25-ஆம் நாள் டெரோசியோ தாமே விலகல் கடிதம் அளித்தார். தம்மை விசாரிக்காமலே தீர்ப்பு வழங்கப்பட்டதை அதில் பதிவு செய்தார்.

அவர் அளித்த விளக்கம்

பின்னர் வில்சன் நட்பு முறையில் விளக்கம் கேட்டபோது டெரோசியோ எழுதிய மறுமொழி, ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிய வேண்டியதாகும். கடவுள் இல்லை என்று தாம் எவரிடமும் போதித்ததில்லை என்று அவர் மறுத்தார். ஐயம் எழுப்பிய தத்துவ அறிஞர் ஹியூமின் வாதங்களை மாணவர் அறியச் செய்தது உண்மை. அதே மாணவருக்கு ஹியூமை மறுத்த ரீடு, டுகால்டு ஸ்டூவர்ட் ஆகியோரின் விடைகளையும் அறியச் செய்ததும் உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது கல்வியாகாது என்பது அவர் நிலை.

பெற்றோரை அவமதிக்கத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டே அவரை மிகவும் வருத்தியது. தந்தையாரிடம் தம் கண்ணெதிரே கடுமையாக நடந்துகொண்ட ஒரு மாணவரை மன்னிப்புக் கேட்குமாறு அவர் வற்புறுத்தியிருந்தார். வீட்டைவிட்டு வெளியேறத் துணிந்த மற்றொருவரைத் தடுத்து அறிவுரை கூறியிருந்தார். உடன்பிறந்தோர் திருமணம் தகும் என்று கற்பித்தார் என்னும் பழியையும் அடியோடு மறுத்தார்.

இறுதி நாள்கள்

வேலை போயிற்று, ஊக்கம் போகவில்லை. அவ்வாண்டிலேயே ‘ஈஸ்ட் இந்தியன்’ என்ற நாளிதழைத் தொடங்கித் தம் சமூகத்தின் உரிமைக்காக எழுதினார். மாணவர்களுடனான தொடர்பும் அறவில்லை. ஆனால் காலன் அவரை விட்டுவைக்கவில்லை. வாந்திபேதி நோய் கண்டு, 1831 டிசம்பர் 26-ஆம் நாள் மறைந்தார். நோய்ப் படுக்கையின் அருகே மாணவர்கள் இருந்து பணிவிடை செய்தனர். அவருடைய உடல் கல்கத்தாவின் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர்கள் என்ன ஆனார்கள்?

மன்றம் மாணவரைக் கெடுத்ததா என்ற கேள்விக்கு அவர்களுடைய பிற்கால வாழ்க்கையே விடையாகும்.

இராதாநாத் சிக்தார் கணிதத்தில் வல்லவரானார். 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரிய முக்கோண நில அளவைப் பணியில் அவர் பின்னர் சேர்ந்தார். இமயத்தின் பதினைந்தாம் சிகரமே உலகின் மிக உயர்ந்தது என்று 1852-இல் கணக்கிட்டுக் காட்டியவராக அவர் போற்றப்படுகிறார். அச்சிகரத்தையே இன்று எவரெஸ்ட் என்கிறோம். பியாரி சந்த் மித்ரா வங்க மொழியின் தொடக்கக்கால நாவலாசிரியர்களுள் ஒருவரானார். 1854-இல் சிக்தாருடன் சேர்ந்து பெண்களும் படிக்கத்தக்க எளிய நடையில் ஒரு திங்களிதழ் நடத்தினார். இராம்தனு லாகிரி ஊர் போற்றும் பள்ளியாசிரியரானார். இராம்கோபால் கோஷ் வணிகராகவும் சொல்லின் செல்வராகவும் விளங்கினார். இரசிக் கிருஷ்ண மல்லிக் நேர்மை தவறாத அரசு அலுவலர் எனப் பெயர் பெற்றார். தட்சிணாரஞ்சன் முகர்ஜி 1849-இல் தொடங்கிய பெத்யூன் பெண்கள் பள்ளிக்கு நிலம் அளித்தார். கிருஷ்ண மோகன் பானர்ஜி பன்மொழிப் புலவரானார். டெரோசியோவுக்குப் பின் விவாத மன்றத்தின் தலைமையை டேவிட் ஹேரே ஏற்று நடத்தினார்.

கணிதம், இலக்கியம், கல்வி, வணிகம், அரசுப்பணி என்று எத்துறையிலும் அவர்கள் பின்தங்கவில்லை. மன்றத்தில் வாதிட்ட நாக்கு வகுப்பறையில் ஊமையாகவில்லை என்பது தெளிவு.

நாம் பெறும் படிப்பினை

டெரோசியோவின் முறையில் மூன்று சிறப்புகளைக் காண்கிறோம். முதலாவது, அவருடைய மன்றம் பாடத்திலிருந்தே முளைத்தது. பாடத்தோடு ஒட்டாத ஆரவாரமாக இருந்திருந்தால் அது படிப்பைத் தின்றிருக்கும். பாடத்தில் வேர் கொண்டிருந்ததால் படிப்புக்கு உரமாயிற்று. இரண்டாவது, காலத்தை அவர் வரையறுத்துக்கொண்டார். வகுப்புக்குரியது வகுப்புக்கு, மன்றத்துக்குரியது அதற்கு முன்னும் பின்னும். மூன்றாவது, தம் கருத்தைத் திணிக்காமல் இரு பக்க நியாயங்களையும் வைத்து, முடிவை மாணவரிடமே விட்டார்.

அவருடைய முறையில் ஒரு குறையும் உண்டு. புகழ்ந்து பேசும்போது அதை மறைப்பது நேர்மையாகாது. மாணவர், ஆசிரியர் ஆகிய இருவரை மட்டுமே அவர் எண்ணினார். பெற்றோரையும் நிர்வாகத்தையும் தம்மோடு அழைத்துச் செல்லவில்லை. கல்லூரி நேரத்துக்கு வெளியே நடந்த வாசிப்புகளுக்கு நிர்வாகத்தின் இசைவு இருந்ததில்லை. மகன் மன்றத்தில் என்ன பேசுகிறான் என்பதைப் பெற்றோர் ஊர் வம்பின் வாயிலாகவே அறிந்தனர். அறியாததைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. 22 வயது இளைஞருக்கு இது தோன்றாமற் போனதில் வியப்பில்லை. ஆனால் ஆண்டில் முதிர்ந்த நிர்வாகத்தினர் அவரை ஒருமுறை அழைத்துக் கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தால் ஒரு நல்லாசிரியரைக் கல்லூரி இழந்திருக்காது. இருவர் குறையையும் தட்டில் வைத்தால், கேளாமல் தீர்ப்பளித்தவர்களின் தட்டே தாழ்கிறது என்பது என் துணிபு.

முடிவுரை

மாணவ நண்பர்களே! படிப்பும் மன்றமும் மணிக்கணக்கில் பங்கிட வேண்டிய பாகப்பிரிவினைச் சொத்துகள் அல்ல. வகுப்பில் கற்றதை மன்றத்தில் உரைத்துப் பார்ப்பதும், மன்றத்தில் எழுந்த ஐயத்தோடு வகுப்புக்கும் நூலகத்துக்கும் திரும்புவதுமே கல்வி. அந்தப் போக்குவரத்துக்குப் பாலமாக நிற்பவர் ஆசிரியர். பாலம் நிலைக்க வேண்டுமானால் இரு கரையும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரு கரை மாணவரின் உழைப்பு, மறுகரை பெற்றோரும் நிர்வாகமும் வைக்கும் நம்பிக்கை.

டெரோசியோ கற்பித்த காலம் ஐந்தாண்டுகளே. அவ்வைந்து ஆண்டுகளில் அவர் மூட்டிய அறிவுச்சுடர் ஒரு தலைமுறைக்கே ஒளி தந்தது. ஆசிரியப் பணியை நாடிச் செல்லவிருக்கும் நம்மவர், அவருடைய ஊக்கத்தையும் கைக்கொள்வார்களாக! அவருக்குக் கிட்டாமற்போன அரவணைப்பை, நம் கல்லூரிகள் தம் இளம் ஆசிரியர்களுக்கு வழங்குமாக!